எட்டு மணி பத்து நிமிடம்!

சென்ற கிழமை நம் படிப்பகத்தின் ஆண்டு விழாவிலே நான் ஆற்றிய உரையை, அன்று வர இயலாதவர்களும் படிக்கட்டும் என்று ஏட்டுக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். எழுதியிருக்கிறேன். மேடையிலே கிடைத்த கைதட்டல் தாளிலே கிடைக்காது, அதுபற்றிக் கவலையுமில்லை. கைதட்ட ஆளில்லாத இடத்திலே ஆளவந்தார் எப்படிப் பேசவேண்டியிருக்கிறது என்பதுதான் அன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

லண்டன் மாநகரம். குளிர்காலம். விடியற்காலை நான்கு மணி. ஊர் போர்த்திக்கொண்டு உறங்குகிறது. போர்ட்லண்டு பிளேஸ் எனும் வீதியிலே, கப்பலொன்று கரையேறி நிற்பதுபோலக் காட்சி தரும் பி.பி.சி. மாளிகையிலே விளக்கு எரிகிறது. இருவர் வந்து அமருகின்றனர். அன்றைய ஏடுகளெல்லாம் மேசைமீது குவிந்து கிடக்கின்றன. இரவெல்லாம் விழித்திருந்தோர் திரட்டிய குறிப்புகள் பக்கத்திலே கிடக்கின்றன. படிக்கிறார்கள், கோடிடுகிறார்கள், கேள்வி எழுதுகிறார்கள், எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதுகிறார்கள். மணி ஆறாகிறது. 1924-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் தொட்டு அந்நாட்டு வானொலியிலே நேரங்காட்டிவரும் ஆறு ஒலிகள் கேட்கின்றன. அவை ஓய்ந்ததும் நிகழ்ச்சி தொடங்குகிறது. அதன் பெயர் 'டுடே'. நம் மொழியிலே 'இன்று'.

திங்கள் முதல் வெள்ளி வரையிலே மூன்று மணி நேரம் அந்த நிகழ்ச்சி நடக்கிறது. செய்தி வரும், வானிலை வரும், பந்தாட்டம் வரும், பங்குச் சந்தை வரும். ஏழே முக்காலை ஒட்டிச் சமயச் சிந்தனை ஒன்றும் வரும். மூன்று நிமிடத்திலே முடிந்துவிடும். இவையெல்லாம் முடிந்து எட்டு மணிச் செய்தி படித்தான பிறகு, எட்டு மணி பத்து நிமிடத்துக்கு அந்நாள் அரசியலின் தலையாய பேட்டி நடைபெறும். நிதியமைச்சர் வருவார், எதிர்க்கட்சித் தலைவர் வருவார், பிரதமரே வருவதுமுண்டு. எதிரே ஓர் ஒலிவாங்கி. அப்பால் ஒரே ஓர் ஆள். அவர் கேட்பார், இவர் சொல்லவேண்டும்.

'இதென்ன பிரமாதம்! கேள்வி கேட்பதும் பதில் சொல்வதும் உலகத்தில் இல்லாததா?' என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஓர் அமைச்சர் பேசுகிற இடங்கள் எவை? பொதுக்கூட்டம்: மாலை உண்டு, மேளம் உண்டு, எழுந்து நின்று மறுத்துப் பேச எவருக்கும் இடமில்லை. பாராளுமன்றம்: கேள்வி நேரம் உண்டு, ஆனால் அமைச்சருக்குப் பின்னாலே வரிசை வரிசையாகத் தன் கட்சியார் அமர்ந்து ஆரவாரம் செய்வர், மழுப்பினாலும் அந்த ஆரவாரத்திலே மறைந்துபோகும். செய்தியாளர் கூட்டம்: ஒருவர் கேட்டதை மற்றொருவர் தொடரமாட்டார், அமைச்சர் விரல் நீட்டும் ஆளே அடுத்த கேள்வி கேட்பார். எட்டுப் பத்திலே இந்தத் துணைகள் எதுவும் கிடையா. கேட்ட கேள்வியை விட்டுவிட்டு வேறொன்றைப் பேசினால், கேட்டவர் மறுபடியும் கேட்பார். சமையற்கட்டிலும் மகிழ்வுந்திலும் அமர்ந்து நாடு கேட்டுக்கொண்டிருக்கும். 'இவர் பதில் சொல்லவில்லை' என்பது எழுத்தறியாதவனுக்கும் விளங்கிவிடும்.

இவ்வளவு வலிமை இந்நிகழ்ச்சிக்குப் பிறவியிலேயே வந்ததா என்றால், இல்லை.

பி.பி.சி. பிறந்த புதிதிலே அது அஞ்சி நடந்த குழந்தை. 1926-ஆம் ஆண்டு பிரிட்டனிலே பொது வேலைநிறுத்தம் நடைபெற்றது. தொழிலாளர் இயக்கத்தின் சார்பில் வானொலியிலே பேச வேண்டுமென்று தொழிற் கட்சித் தலைவர் ராம்சே மக்டனால்டு கேட்டார். அவர் ஏற்கெனவே ஒருமுறை பிரதமராக இருந்தவர். இடம் தரவில்லை. அரசாங்கம் கோபித்துக்கொள்ளும் என்ற அச்சம்! அதற்குப் பிறகு வந்தது 'பதினான்கு நாள் விதி'. பாராளுமன்றத்திலே எந்தப் பொருள்பற்றி விவாதம் வர இருக்கிறதோ, அதுபற்றி அதற்கு முந்திய பதினான்கு நாட்கள் வானொலியிலே எவரும் விவாதிக்கக்கூடாது. போர்க்காலத்திலே பி.பி.சி. தானே பூட்டிக்கொண்ட விலங்கு அது. 1955-இலே அரசாங்கம் அதை ஆணையாகவே ஆக்கிற்று. விந்தை பாருங்கள்! எதைப்பற்றி நாடு பேசத் துடிக்கிறதோ, அதைப்பற்றி நாட்டு வானொலி வாய் திறக்கக்கூடாது!

அடுத்த ஆண்டே சூயஸ் வந்தது. எகிப்து நாட்டின்மீது படை அனுப்பிய பிரதமர் ஈடன், 1956 நவம்பர் 3-ஆம் நாள் வானொலி தொலைக்காட்சிகளின் வாயிலாக நாட்டு மக்களுக்குத் தம் நியாயத்தை எடுத்துரைத்தார். மறுநாள் எதிர்க்கட்சித் தலைவர் கெயிட்ஸ்கெல் பதில் பேச வேண்டுமென்றார். போர் நடக்கும்போது எதிர்க்கட்சிக்கு இடமா என்று ஆளவந்தார் சீறினர். பி.பி.சி. இடம் தந்தது. பதினான்கு நாள் விதி அந்த ஆண்டின் இறுதியிலேயே நிறுத்திவைக்கப்பட்டது, பிறகு எழவேயில்லை. அந்த விலங்கு கழன்ற மறு ஆண்டு, 1957 அக்டோபர் 28-ஆம் நாள், 'டுடே' முதன்முதலாக ஒலித்தது.

பிறந்தபோது அதுவும் ஒரு சாதுப் பிள்ளைதான். ஏழே காலுக்கும் எட்டே காலுக்கும் இருபது இருபது நிமிடமாக இரு பகுதிகள். உப்புச் சப்பில்லாத செய்தித் துணுக்குகள், உலாச் செய்திகள், வேடிக்கைச் செய்திகள். உருவாக்கியதிலே பெரும்பங்கு ஈசா பென்ஸி, ஜேனட் குயிக்லி என்ற இரு பெண்மணிகளுக்கு உண்டு. இதைச் சொல்லாமல் விடுவது அறமாகாது. ஏனெனில் பிற்காலத்திலே புகழெல்லாம் ஒலிவாங்கியின் முன் அமர்ந்த ஆடவர்க்கே போயிற்று. 1958 முதல் பல்லாண்டு காலம் ஜாக் டி மேனியோ என்பவர் நடத்தினார். அவர் பெற்ற பெரும்பெயர் எதனால் தெரியுமா? மணியைத் தவறாகச் சொல்வதால்! எதிரே கடிகாரம் இருக்கும். எட்டரையை ஏழரை என்பார். அலுவலகம் செல்வோர் அலறுவர். நாடு சிரித்தது, அவரை நேசித்தது. அரசியல்வாதிகளுக்கு அவரிடம் அச்சமில்லை.

அச்சம் பிறந்தது எழுபதுகளிலும் எண்பதுகளிலும். 1975-இலே பிரையன் ரெட்ஹெட் வந்தார்; 1987-இலே ஜான் ஹம்ப்ரீஸ் வந்தார். எட்டுப் பத்து ஒரு வழக்குமன்றமாக மாறத் தொடங்கியது அக்காலத்திலேதான்.

1987-ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நிதியமைச்சர் நைஜல் லாசன், பட்ஜெட்டைப் படித்துவிட்டுப் பேட்டிக்கு வந்திருக்கிறார். ரெட்ஹெட், வேலையில்லாத் திண்டாட்டத்தைப்பற்றிக் குடைந்து கேட்கிறார். அமைச்சருக்குச் சினம் பொங்கிற்று. நீர்தான் வாழ்நாள் முழுதும் தொழிற் கட்சியை ஆதரிப்பவராயிற்றே என்ற பொருள்பட ஒரு குத்து விட்டார். நம் ஊரிலே இதைக் கேட்டுப் பழகிய காதுதானே நமக்கு? கேள்விக்குப் பதில் கிடைக்காதபோது, கேட்டவனின் குலம் கோத்திரம் விசாரிப்பது! ரெட்ஹெட் பதறவில்லை. நான் யாருக்கு வாக்களிக்கிறேன் என்பது உமக்குத் தெரியும் என்று சொல்லத் துணிந்தமைக்காக நீர் மன்னிப்புக் கோரும் பொருட்டு ஒரு நிமிடம் மௌனம் அனுசரிப்போமா என்று கேட்டார். அதோடு விட்டாரா? நீர் கைகழுவிவிட்ட பொருளாதாரக் கொள்கை ஒன்று இருக்கிறதே, அதன் நினைவாகவும் அனுசரிக்கலாமே என்றும் சேர்த்துக்கொண்டார். நாடு முழுவதும் காலைச் சிற்றுண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தது.

லாசன் கன்சர்வேடிவ் கட்சியினர். எனவே, 'பி.பி.சி. இடதுசாரிகளின் கூடாரம்' என்று அக்கட்சியார் முழங்கினர். 1995 மார்ச்சுத் திங்களிலே ஜோனதன் அயிட்கன் என்ற அமைச்சர், ஹம்ப்ரீசின் பெயரைச் சொல்லியே தாக்கினார். மக்களாட்சி விவாதம் எனும் கிணற்றிலே நஞ்சு கலக்கிறார் என்பது அவர் சாற்றிய குற்றம். (கிணற்றின் தூய்மைக்காக வருந்திய இந்த அயிட்கன், நான்கே ஆண்டுகளில், 1999-இலே, நீதிமன்றத்திலே பொய்ச்சத்தியம் செய்த குற்றத்துக்காகப் பதினெட்டுத் திங்கள் சிறைத்தண்டனை பெற்றார். நான் ஏதும் சொல்லவில்லை, தேதியைத்தான் சொன்னேன்.)

சரி, கன்சர்வேடிவ் கட்சி போயிற்று. 1997 மே திங்களிலே, பதினெட்டு ஆண்டுக்காலம் எதிர்க்கட்சியாக இருந்த தொழிற் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஹம்ப்ரீஸ் ஆளவந்தாரைக் குடைந்தபோதெல்லாம் அக்கட்சியார் எப்படி மகிழ்ந்திருப்பர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. ஏழே திங்கள் கழிந்தன. தனித்து வாழும் பெற்றோருக்கான உதவித் தொகையைக் குறைக்கப் புதிய அரசு முற்பட்டது. பெரும்பாலும் ஏழைத் தாய்மார் பெற்றுவந்த தொகை அது. தொழிற் கட்சியின் சொந்த உறுப்பினர் 47 பேரே பாராளுமன்றத்திலே எதிர்த்து வாக்களித்தனர். பொறுப்பு வகித்த அமைச்சர் ஹாரியட் ஹார்மன் அம்மையாரை ஹம்ப்ரீஸ் பேட்டி கண்டார். விடாது கேட்டார். என்ன நடந்தது? தொழிற் கட்சியின் செய்தித்துறைத் தலைவர் டேவிட் ஹில், நிகழ்ச்சியின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்! ஹம்ப்ரீஸ் ஒரு பிரச்சினையாகிவிட்டார், இந்நிகழ்ச்சியோடு ஒத்துழைப்பதை நிறுத்திவைப்பதுபற்றி யோசிக்கவேண்டியிருக்கிறது என்பது கடிதத்தின் சாரம்.

அதே ஹம்ப்ரீஸ், அதே நாற்காலி, அதே எட்டுப் பத்து, அதே வகைக் கேள்வி! நேற்றுவரை நீதிதேவனாகத் தெரிந்தவர் இன்று குறும்பராகத் தெரிகிறார். ஏன்? நாற்காலியின் எதிரே அமர்ந்தவர் மாறிவிட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்!

இங்கே சற்று நிறுத்தி, தோழர்களே, உங்களைப் பார்த்து ஒன்று கேட்கிறேன். எதிர்க்கட்சித் தலைவரைத் தொலைக்காட்சிக்காரர் மடக்கினால் அந்தத் துண்டுப் படத்தை ஊரெங்கும் அனுப்பி மகிழ்கிறோமா, இல்லையா? நம் பேச்சாளரை மடக்கினால், 'இவன் எவனிடம் காசு வாங்கினான்' என்று கேட்கிறோமா, இல்லையா? படிப்பகத்திலே நான் இதைக் கேட்டபோது முன்வரிசையிலே சிலர் சிரித்தனர், சிலர் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களுக்காகத்தான் மேலே பேசினேன்.

கேள்வி கேட்பவர் எப்போதும் சரியாகவே கேட்பார் என்று நான் வாதாடவில்லை. கேள்வியும் தவறும்; அது தவறினால் விளைவு கொடிது. அதற்கும் இந்நிகழ்ச்சியிலேயே சான்று உண்டு.

2003-ஆம் ஆண்டு மே 29. காலை ஆறு மணி ஏழு நிமிடம். ஈராக்கின்மீது பிரிட்டனும் அமெரிக்காவும் படையெடுத்து இரண்டு திங்கள் கடந்துவிட்டன. படையெடுப்பதற்கு முன்னே, 2002 செப்டம்பரிலே, பிரதமர் பிளேரின் அரசு ஓர் ஆவணத்தை வெளியிட்டிருந்தது. ஈராக் பேரழிவுப் படைக்கலன்களை நாற்பத்தைந்து நிமிடத்திலே ஏவக்கூடும் என்று அது அச்சுறுத்தியது. அன்று காலை 'டுடே'யின் செய்தியாளர் ஆண்ட்ரு கில்லிகன், தம் வீட்டிலிருந்தபடியே நேரடியாகப் பேசினார். எழுதி வைத்துப் படிக்கவில்லை. கேட்ட கேள்விக்கு வாய்வந்தபடி விடை சொன்னார். அந்த நாற்பத்தைந்து நிமிடக் கணக்கு தவறானது என்பது, அதை ஆவணத்திலே சேர்க்கும் முன்பே அரசாங்கத்துக்கு அநேகமாகத் தெரிந்திருந்தது என்ற பொருளில் ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் கழித்து அவர் மறுபடியும் பேசியபோது, எழுதி வைத்திருந்ததைப் படித்தார்; அந்த வாக்கியம் அதிலே இல்லை. ஆனால் ஆறு ஏழுக்குப் போன சொல் போனதுதான். வில்லைவிட்ட அம்பு.

அரசாங்கம் கொதித்தது. செய்தி தந்தவர் யார் என்ற வேட்டை நடந்தது. படைக்கல ஆய்வு வல்லுநர் டேவிட் கெல்லியின் பெயர் வெளியாயிற்று. பாராளுமன்றக் குழு அவரை அழைத்து வினவியது. சில நாட்களிலே, ஜூலை 18-ஆம் நாள், தம் ஊர்ப்புறத்துக் காட்டிலே அவர் உயிரற்றுக் கிடக்கக் கண்டனர். நீதிபதி ஹட்டன் விசாரித்தார். 2004 ஜனவரி 28-இலே அவர் தந்த அறிக்கை, கில்லிகன் சாற்றிய குற்றம் ஆதாரமற்றது என்றும், அச்செய்தியைச் சரிபார்க்காமல் விட்ட பி.பி.சி.யின் முறை பழுதுடையது என்றும் கூறியது. அன்றே பி.பி.சி.யின் தலைவர் கவின் டேவிஸ் விலகினார். மறுநாள் தலைமை இயக்குநர் கிரெக் டைக் விலகினார். அதற்கும் மறுநாள் கில்லிகன் விலகினார். மூன்று நாளிலே மூன்று பேர். ஒரு வாக்கியத்துக்கு!

அரசாங்கம் வென்றதா? அதே ஆண்டு ஜூலையிலே பட்லர் பிரபு தலைமையிலான குழு வேறோர் அறிக்கை தந்தது. நாற்பத்தைந்து நிமிடக் கூற்று எதைக் குறிக்கிறது என்று விளக்காமல் அந்த ஆவணத்திலே சேர்த்திருக்கக்கூடாது என்று அது சொல்லிற்று. ஈராக்கிலே பேரழிவுப் படைக்கலக் குவியல் எதுவும் கிடைக்கவில்லை. அப்படியென்றால் கில்லிகன் எழுப்பிய ஐயத்துக்கு இடம் இருந்தது; அதைச் சொன்ன சொல்லிலே பழுது இருந்தது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நியாயம் நம் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பிலே, தெரிந்ததற்கு மேல் ஒரு முழம் கூட்டிப் பேசும் பழக்கம் நம் மேடைகளிலே உண்டு. எனக்கும் உண்டு. கூட்டிய அந்த ஒரு முழத்தைப் பிடித்துக்கொண்டே, எஞ்சிய உண்மை முழுவதையும் எதிரி கிணற்றிலே தள்ளிவிடுவான்.

இனி நான் சொல்ல வந்தவற்றிலே மிக முதன்மையானதற்கு வருகிறேன்.

அமைச்சரைக் கேள்வி கேட்பது துணிவுதான். ஆனால் அமைச்சர் அயலார். தனக்குச் சம்பளம் தருபவரை, தன் நிறுவனத்தின் தலைவரை, நாடு கேட்க ஒருவர் கேள்வி கேட்டதுண்டா? உண்டு. 2012 நவம்பர் 10, சனிக்கிழமை. எட்டு மணிச் செய்தி முடிந்தது.

நடந்தது இது. அதற்கு எட்டு நாள் முன்பு, நவம்பர் 2-ஆம் நாள், பி.பி.சி.யின் 'நியூஸ்நைட்' என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சி, வேல்ஸ் நாட்டிலே குழந்தைகள் இல்லத்திலே நடந்த கொடுமைபற்றி ஒரு படம் காட்டியது. அதிலே ஓர் அரசியல்வாதிக்குப் பங்குண்டு என்றது, பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஊரார் பெயரை ஊகித்து இணையத்திலே பரப்பிவிட்டனர். குற்றம் சாற்றியவரே, நவம்பர் 9-ஆம் நாள், ஆள் மாறிவிட்டது என்று சொல்லி வருந்தினார். குற்றமற்ற ஒரு முதியவரின் பெயர் நாசமாயிற்று, பின்னர் பி.பி.சி. அவருக்கு 1,85,000 பவுன் இழப்பீடு தந்தது. அந்த நிறுவனத்தின் தலைமை இயக்குநர் ஜார்ஜ் எண்ட்விசில், பதவிக்கு வந்து ஐம்பது நாள் கடந்திருந்தது. விளக்கம் சொல்ல அவர் 'டுடே'வுக்கு வந்தார். எதிரே நெடுங்காலமாக அந்நிறுவனத்தின் ஊதியம் பெறும் ஹம்ப்ரீஸ்.

நம் ஊர் வழக்கப்படி என்ன நடந்திருக்கும்? 'ஐயா அவர்கள் தம் அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கிறார்கள்' என்ற வரவேற்புரை நடந்திருக்கும்!

ஹம்ப்ரீஸ் கேட்டார். படம் ஒளிபரப்பாகும் முன் உமக்குத் தெரியுமா? தெரியாது. அப்படி ஒரு படம் வரப்போகிறதென்று இணையத்திலே முன்கூட்டியே செய்தி பரவியதே, அதைப் பார்த்தீரா? பார்க்கவில்லை. ஒளிபரப்பான இரவாவது பார்த்தீரா? இல்லை, வெளியே சென்றிருந்தேன். ஆள் மாறிவிட்டதோ என்று ஐயம் எழுப்பி வெள்ளிக்கிழமை காலை 'கார்டியன்' ஏடு எழுதியிருந்ததே, படித்தீரா? அன்று காலை ஓரிடத்திலே பேசவேண்டியிருந்தது, பார்க்கவில்லை. ஒருவருமே உம்மிடம் சொல்லவில்லையா? உமக்காகக் கேட்கவும் தோன்றவில்லையா? நான் அவர்கள் சொன்ன சொல்லுக்குச் சொல் இங்கே தரவில்லை; சாரத்தைத் தருகிறேன். குரலை உயர்த்தவில்லை, வசைமொழி இல்லை. தெரியுமா, பார்த்தீரா, கேட்டீரா என்று பள்ளிப்பிள்ளையும் கேட்கக்கூடிய எளிய கேள்விகள். ஒவ்வொரு 'இல்லை'யும் விழ விழ, அந்தப் பெரிய நாற்காலியின் கால் ஒவ்வொன்றாக முறிவது, கேட்டவர் அனைவருக்கும் காதிலே கேட்டது.

அன்று இரவே எண்ட்விசில் பதவி விலகினார். ஐம்பத்து நான்கு நாள் இயக்குநர். ஹம்ப்ரீஸ்? அவர் அதே நாற்காலியிலே மேலும் ஏழு ஆண்டுகள் இருந்து, 2019 செப்டம்பரிலே, தம் எழுபத்தாறாம் வயதிலே, தாமாக ஓய்வுபெற்றார். தலைவரைக் கேள்வி கேட்டமைக்காக அவரை ஊர் மாற்றவில்லை. விளக்கம் கேட்டு ஓலை வரவில்லை. தலைவரின் ஆதரவாளர் அவர் வீட்டின்முன் கூடிக் கூச்சலிடவில்லை.

நண்பர் ஒருவர் விழா முடிந்ததும் என்னிடம் கேட்டார்: "அண்ணே, ஒரு நல்ல மனிதர் வேலையிழந்தாரே, இதிலே என்ன பெருமை?" நல்ல கேள்வி. எண்ட்விசில் தீயவர் என்று எவரும் சொல்லவில்லை. அவர் தவறு செய்தாரோ இல்லையோ, தம் வீட்டிலே நடப்பது தமக்குத் தெரியவில்லை என்பதை அவர் வாயாலேயே நாடு அறிந்தது. வேறெப்படி அறிந்திருக்கும்? விசாரணைக் குழு அமைத்து, ஆறு திங்கள் கழித்து, அச்சடித்து, அலமாரியிலே வைத்த பிறகா? பெருமை அவர் வீழ்ந்ததிலே இல்லை. தலைவர் என்பதற்காகத் தனிக் கேள்வித்தாள் தயாரிக்கப்படவில்லையே, அதிலே இருக்கிறது.

ஆளவந்தார் இதற்குக் கண்டுபிடித்த மாற்று மருந்து ஒன்றுண்டு: வராமல் இருப்பது! 2019 டிசம்பர்த் தேர்தலிலே பெரும்பான்மை பெற்ற போரிஸ் ஜான்சன் அரசு, 'டுடே' நிகழ்ச்சிக்கு அமைச்சர்களை அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. ஜனவரி போயிற்று, பிப்ரவரி போயிற்று. எட்டுப் பத்திலே அமைச்சர் குரல் இல்லை. மார்ச்சு பிறந்தது; கொரோனாத் தொற்று நாட்டிலே பரவிக்கொண்டிருந்தது. கை கழுவுங்கள், வீட்டிலிருங்கள் என்று மக்களிடம் சொல்லியாகவேண்டும். மக்கள் எங்கே இருக்கிறார்கள்? வானொலிப் பெட்டியின் அருகிலே! சுகாதார அமைச்சர் மாட் ஹான்காக் வந்து அமர்ந்தார், பகிஷ்காரம் பறந்தது. கேள்விக்குப் பயந்து ஓடியவர்களை நோய்க்கிருமி இழுத்துவந்து உட்காரவைத்தது.

அந்த நிகழ்ச்சி அவர்கள் வாழ்விலே எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு ஒரு விந்தைச் செய்தி. அணுகுண்டு தாங்கிக் கடலடியிலே திரியும் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலின் தலைவர், தாய்நாடு இருக்கிறதா அழிந்துபோயிற்றா என்று முடிவு செய்ய வேண்டிய நிலை வந்தால், அவர் செய்து பார்க்கும் சோதனைகளிலே ஒன்று, ரேடியோ 4 கேட்கிறதா என்பதாம். வரலாற்றாசிரியர் பீட்டர் ஹென்னஸி சொல்லியிருக்கிறார். அமைச்சரைக் கேள்வி கேட்கும் குரல் கேட்டால், நாடு உயிரோடு இருக்கிறது!

பி.பி.சி. நமக்கு முற்றிலும் அயலான பெயரன்று. 1941 முதல் 2017 வரை அதன் தமிழ் ஒலிபரப்பு நம் செவிகளிலே விழுந்ததுதான். ஈழத்திலே குண்டு விழுந்த இரவுகளிலே, 'தமிழோசை' என்ன சொல்லிற்று என்று கேட்டபிறகே உறங்கிய ஊர்கள் உண்டு. இங்கோ, காலை ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியைக் கேட்டு நாம் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டோம். நல்ல தமிழ், நல்ல குரல். ஆனால் அமைச்சர் கொடியேற்றினார், அமைச்சர் திறந்துவைத்தார், அமைச்சர் கேட்டுக்கொண்டார் என்று வந்ததே தவிர, 'அமைச்சரே, ஏன்?' என்ற ஒரு சொல் அதிலே வரவில்லை. படித்தவர்கள்மீது குற்றமில்லை, வானொலி அரசாங்கத்தின் ஓர் இலாகாவாக இருந்தது. வான் அலை மக்கள் சொத்து என்று 1995-இலே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரசார் பாரதி எனும் தன்னாட்சி அமைப்பு 1997-இலே வந்தது. 2001-இலே தனியார் பண்பலை நிலையங்கள் தொடங்கின. அவற்றுக்குப் பாட்டுப் போட அனுமதி கிடைத்தது, பகடி பேச அனுமதி கிடைத்தது. செய்தி மட்டும் விலக்கப்பட்டது. மக்களைச் சிரிக்க வைக்கலாம், அமைச்சரை விழிக்க வைக்கக்கூடாது!

இதைக் கண்டித்துப் பேச எனக்கு உரிமை உண்டா என்று எண்ணிப் பார்த்தேன். ஒரு பழைய நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் மேடையைவிட்டு இறங்க மனம் வரவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன்னே, ஒரு சிற்றூர்ப் பேரூராட்சியிலே நான் உறுப்பினனாக இருந்தேன். ஒரு நாள் காலை, தேநீர்க் கடையிலே அமர்ந்திருந்தேன். நெசவு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார்.

"தம்பி, எங்க தெருக் குழாய்லே தண்ணி எப்ப வரும்?"

நான் தொடங்கினேன். கூட்டுக் குடிநீர்த் திட்டம்பற்றிச் சொன்னேன். முந்தைய ஆட்சி விட்டுச்சென்ற கடன்பற்றிச் சொன்னேன். மாநிலத்துக்கு வரவேண்டிய நிதிபற்றி, ஆற்றிலே நீர் குறைந்ததுபற்றி, ஏன், காவிரியின் வரலாறுபற்றிக்கூடச் சொன்னேன். கடையிலே இருந்த நம் தோழர்கள் தலையசைத்தனர். ஒருவர் கைதட்டவும் செய்தார். பெரியவர் தேநீரைக் குடித்து முடித்துக் குவளையை வைத்தார்.

"அதெல்லாம் சரி தம்பி. தண்ணி எப்ப வரும்?"

அருகிலிருந்த தோழர் ஒருவர், "பெரியவரே, அண்ணன் இவ்வளவு நேரம் சொன்னது காதிலே விழலியா? நீங்க எந்தக் கட்சி?" என்று பாய்ந்தார். நான் தடுத்திருக்கவேண்டும். தடுக்கவில்லை. பெரியவர் துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு உறக்கம் வரவில்லை. மறுநாள் நீரேற்று நிலையத்துக்குப் போனேன். மோட்டார் பழுதாகி, அதைக் கழற்றி ஒன்பது நாளாயிற்று. ஒரு மூலையிலே சாக்குப் போர்த்திக் கிடந்தது. பழுது பார்க்க அனுப்பச் சொல்லி எவரும் கேட்கவில்லை என்றார் காவலாளி. அந்தத் தெரு என் வட்டத்திலேதான் இருந்தது.

மோட்டாரை அனுப்பினோம், வந்தது, பூட்டினோம். நான்காம் நாள் குழாயிலே நீர் வந்தது. மாலையிலே பெரியவர் என் வீட்டு வாயிலிலே வந்து நின்றார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று எண்ணி, எழுந்து, நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

அவர் அமரவில்லை. "தெருவிளக்கு எப்ப எரியும் தம்பி?" என்று கேட்டார்.